நிறுக்கப்படாத கோட்டு

காலை 5.40. கொழும்பு வெள்ளவத்தையில் மழை. பிற்பகல் இரண்டு மணிக்கு யாழ்ப்பாணத்தில் அக்காவுக்கு இருதய சத்திரசிகிச்சை. "நீ வந்து நிண்டாத்தான் உள்ள போவன்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள். பஸ்ஸில் எட்டு மணிநேரம் ஆகும். ஆகவே இரத்மலானையிலிருந்து பன்னிரண்டு பேர் போகும் சிறு விமானத்தில் பதிந்திருந்தேன்.

யாழ்ப்பாணம் போகிறவனை வெள்ளவத்தை வெறுங்கையோடு அனுப்பாது. முதல்நாளே மூன்று வீட்டுப் பார்சல்கள் வந்துவிட்டன: லண்டன் சொக்லேட், தைலப் போத்தல்கள், அக்காவின் அயலவருக்கு ஒரு தையல் மெஷின் மோட்டர். பைக்கு ஏழு கிலோதான் அனுமதி. இவற்றையெல்லாம் மழைக்கோட்டின் பைகளில் திணித்தேன்.

6.25. இரத்மலானை. ஓட்டோவுக்கு எழுநூறு ரூபாய். இங்கே பையோடு ஆளையும் நிறுக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏற்கெனவே நிறுத்து முடிந்திருந்த கிருலப்பனைப் பள்ளிக்கூட ரீச்சர் ஒருவரிடம் கோட்டைக் கொடுத்துவிட்டுத் தராசில் ஏறினேன்.

"என்ன தம்பி, கல்லே கொண்டு போறியள்?" என்று கேட்டபடி ரீச்சர் கோட்டைத் திருப்பித் தந்தார்.

7.10. புறப்படவில்லை. நாங்கள் காத்திருந்த கூடத்துக்கு விமானி குடையோடு வந்தார். மாளிகாவத்தைக்காரர்.

"எங்கட பிளேனுக்கு நீட்டு, நேர் இறக்கை. மெதுவா ஓடினாலும் தூக்கும். ஆனா காத்து அடிச்சா அதே இறக்கைதான் எங்களைக் குலுக்கும். ஓடுபாதையில தண்ணி நிண்டா வேகம் எடுக்கவும் சுணங்கும். உங்கட நிறையெல்லாம் கூட்டிப் பாத்தாச்சு, சரியாப் போதும். காத்துத் தணியட்டும்."

சரியாப் போதும். கோட்டு மடியில் கனத்தது. சொன்னால் என்னை ஏற்றாமல் விடலாம். அக்கா தனியே கிடப்பாள். சொல்லாவிட்டால் இறக்கை தூக்க வேண்டிய நிறையில் ஒரு பங்கு விமானியின் கணக்கிலேயே இல்லை.

"தம்பி, நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" என்றார் ரீச்சர்.

சொன்னேன். விமானி சிரிக்கவில்லை. கோட்டைத் தராசில் வைத்தார். 4.6 கிலோ.

"கோட் வேணுமா, சீட் வேணுமா?"

கோட்டைக் கவுண்டரில் விட்டேன்.

8.05. ஓடுபாதையின் முடிவு தெரியத் தொடங்கியபோதுதான் சக்கரம் நிலத்தை விட்டது. புத்தளம் வரை மேகத்துக்குள் குலுங்கினோம். சன்னலுக்கு மேலே இறக்கையின் நுனி துடிப்பதையே பார்த்திருந்தேன்.

9.20. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் வெயில். 10.30க்கு ஆஸ்பத்திரி. அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"மோட்டர் எங்க?"

"கொண்டுவரேல்லை."

"வெறுங்கையோடயே வந்தனீ?" என்றவள், அந்தக் கையைச் சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசல் வரை விடவில்லை.