பை அக்காவின் புது நோட்டு

வங்கிப் பெஞ்சில் உட்கார்ந்ததும் பை அக்கா பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பாள். மை ஒற்றும் டப்பா, கோந்து, குண்டூசி, பன்னிரண்டு பெண்களின் போட்டோ, மறந்து வருகிறவர்களுக்கென்று இரண்டு பேனா, சாப்பிடாமல் ஓடி வருகிறவளுக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட். எல்லாம் இருக்கிறதென்று தெரிந்த பிறகு கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஏதோ வேண்டிக்கொண்டு, திரும்ப உள்ளே அடுக்குவாள்.

"கடவுளுக்கு எல்லாம் தெரியும். ஆனா மேனேஜருக்கு ஜெராக்ஸ் வேணும்" என்பாள்.

ஊரூராகப் போய்ப் பெண்களைச் சேர்த்துச் சேமிப்புக் குழு கூட்டுவதும், குழு காலூன்றிய பிறகு வங்கிக்கு அழைத்துவந்து கடன் வாங்கித் தருவதும் அவள் வேலை. பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பை அக்கா என்றால் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். முதல் தடவை வங்கிக்கு வருகிற பெண்கள் சுவரோடு சுவராக நிற்பார்கள். "நாற்காலி கடிக்காதும்மா, உக்காரு. நம்ம காசும்தான் இங்க இருக்கு" என்று இழுத்து உட்காரவைப்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு பலவீனம், சுத்தம். கோணலாக ஒட்டிய போட்டோவைப் பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அந்தச் சுத்தம்தான் ஏரிக்கரைக் குழுவின் வயிற்றில் அடிக்கப் பார்த்தது.

அந்தப் பன்னிரண்டு பேரும் மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட ஆசைப்பட்டார்கள். நிலக்காரர் வெள்ளிக்கிழமைவரைதான் கெடு கொடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை வங்கி ஆபீசர் குழுவைப் பார்க்க வருகிறார் என்றதும் பை அக்கா அவர்களுடைய கூட்ட நோட்டை வாங்கிப் புரட்டினாள். இரண்டு வருஷமாக வாராவாரம் எழுதியது. எண்ணெய்க் கறை, குழந்தைக் கிறுக்கல், மழையில் ஊறிய பக்கம், நாலு நிறத்தில் மை. அவளுக்கு உடம்பு கூசியது. மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் புது நோட்டில் முத்து முத்தாகப் பார்த்து எழுதினாள். பழையதைத் தையல்காரியிடம் கொடுத்து, "இதை அடுப்புல போட்டுடு" என்றாள். குழுவில் எழுதுகிற வேலை தையல்காரிக்கு. அவள் வாய் அவள் கத்தரிக்கோலைவிடக் கூர்மை.

ஆபீசர் வந்தார். புது நோட்டை நாலு பக்கம் புரட்டினார். மூடிவிட்டார்.

"ரெண்டு வருஷமா ஒரே பேனாவாம்மா? மை வாசனைகூடப் போகல. கடனுக்காக ஒரே மூச்சுல எழுதின நோட்டு நான் நிறையப் பார்த்திருக்கேன்."

எழுந்து பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். பை அக்கா குறுக்கே வந்தாள். "நான்தான் சார்... அழகா இருக்கட்டும்னு..." பன்னிரண்டு முகங்களும் அவளையே பார்த்தன.

"பழசு இருக்கு சார்" என்றாள் தையல்காரி. "அக்கா எரிக்கத்தான் சொன்னாங்க. பின்பக்கம் எட்டுப் பேரோட சட்டை அளவு எழுதி வச்சிருக்கேன். அதை எரிச்சுட்டு நான் எதை வெட்டுறது?"

வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தாள். ஆபீசர் நின்றபடியே பிரித்தார். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"'இன்று சண்டை. கூட்டம் நடக்கவில்லை. சேமிப்பு மட்டும் வாங்கினோம்.' இது புதுசுல இல்லையே?"

"சண்டையைப் போய் யாராவது எழுதுவாங்களா சார்" என்றாள் பை அக்கா.

இன்னும் சில பக்கம் தள்ளினார். "'இன்று அக்கா அழுதாங்க. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் பணம் கட்டினோம்.' இதுவும் இல்ல."

பை அக்கா தரையைப் பார்த்தாள்.

"இந்த நோட்டையே நாளைக்கு வங்கிக்குக் கொண்டு வாங்க" என்று ஆபீசர் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். "வியாழக்கிழமை பணம் கணக்குல ஏறிடும். இது நெசமான குழுதான்."

அவர் போனதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். வெண்டைக்காயா, தக்காளியா என்று அதற்குள்ளேயே வழக்கு. தையல்காரி மட்டும் பை அக்காவை ஒட்டி வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு எதுக்குக்கா அழுதீங்க?"

"செருப்பு அறுந்துபோச்சுடி."

"செருப்புக்குப் போய் யாராவது அழுவாங்களா?"

பை அக்கா தையல்காரியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தெருமுனையில் பை அக்கா போகவேண்டிய பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.