சிலிப்பர் வேலை

என் வீட்டில் காலில் போடுவதற்குப் பெயர் செருப்பு. ஊரில் எல்லாரும் சிலிப்பர் என்கிறார்கள். மலாய்க்காரர் செலிப்பார் என்கிறார்கள், சீனர் கடையில் அட்டையில் எழுதியே தொங்குகிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். என் வாசலுக்குள் வந்து சொன்னால் மட்டும் எனக்கு எரிச்சல் தலைக்கேறும். கிழவிக்குக் கிறுக்கு என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுவதும் தெரியும். கிறுக்குதான். அந்தச் சொல்லுக்கு என் அப்பாவிடம் பொருள் சொன்னவள் நான்.

ஜப்பான்காரன் வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மலாக்காவில், காஜா பேராங்கில், செட்டிகள் குடியிருந்த கம்போங் செட்டிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ரப்பர் ஷீட்டுகளைப் புகை போடும் கொட்டகையில் வேலை பார்த்தார். குளித்துவிட்டு வந்தாலும் அந்தப் புகை வாடை அவரை விட்டுப் போகாது. ஷீட்டை விரலால் நிமிண்டிப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவார். ஆனால் கையெழுத்துப் போடத் தெரியாது. என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டவர் அவர்தான். பொம்பளைப் பிள்ளைக்கு இங்கிலீஷ் எதற்கு என்று கேட்டவர்களிடம், "நாளைக்கு எவனாவது காகிதத்த நீட்டுனா, என் மக படிச்சுச் சொல்லுவா" என்பார்.

ஜப்பான்காரன் காலத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ரப்பர் வாங்க ஆள் இல்லை. புகைக் கொட்டகையையும் மூடினார்கள். காலையில் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரிக்கும் மரவள்ளிக்கிழங்கு. அப்பா தன் பங்கையும் என் தட்டில் தள்ளிவிட்டு, பசியில்லை என்று பொய் சொல்வார்.

அப்போதுதான் கிராணி வந்தார். முன்பு எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர். இப்போது ஜப்பான்காரனுக்கு ஆள் சேர்க்கிறார். தமிழர்தான். அதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது. எங்கள் வாசலில் நின்று, கையில் தாளை வைத்துக்கொண்டு சொன்னார்: "வடக்கே போவணும். மூணு மாசம். சாப்பாடு குடுக்குறாங்க, துணி குடுக்குறாங்க. சிலிப்பர் வேலை."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சிலிப்பர்னா என்ன பாப்பா?"

பள்ளிக்கூடம் மூடிய நாளிலிருந்து யாரும் என்னிடம் ஓர் இங்கிலீஷ் சொல்லுக்குப் பொருள் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு பூரித்துவிட்டது. பாடப் புத்தகத்தில் ஒரு படம் உண்டு: வெள்ளைக்காரக் கிழவர் கணப்பு அடுப்புக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார், காலில் மெத்தென்று ஒரு ஜோடி. படத்துக்கு அடியில் அந்தச் சொல். "வீட்டுக்குள்ள போடுற செருப்புப்பா" என்றேன், வாத்தியாரம்மா போல.

கிராணி ஒரு கை தூரத்தில் நின்றார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தாளைப் புரட்டினார். வாயைத் திறக்கவில்லை.

அப்பாவின் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. "அப்படிச் சொல்லுங்க ஐயா! வாங்க ஆளில்லாம ரப்பர் குவிஞ்சு கெடக்கே, அதச் செருப்பா அடிக்கிறானுங்க. ரப்பர்ல எனக்குத் தெரியாத வேலையா?" என்று கைநாட்டுக்குக் கட்டைவிரலை நீட்டினார். அம்மா பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண்ணிடம் போய்ச் சொன்னாள். செட்டிகள் அந்தக் காலத்தில் வந்த தமிழ் வியாபாரிகளின் வம்சம்; எங்களைப் போலவே கோயிலுக்குப் போவார்கள், திருநீறு பூசுவார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். "செலிப்பார்?" என்று சிரித்த அவள், முதல் ஜோடி தனக்கு என்று காலை நீட்டிக் காட்டினாள். ஆக, மலாயிலும் என் பொருளே சரி என்று ஆயிற்று.

அப்பா கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அம்மாவும் நானும் ரயில் ஸ்டேஷன் பக்கம் விறகுக்குச் சிராய் பொறுக்கப் போனோம். தம்பின் ஊருக்குப் போகும் தண்டவாளத்தை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டிருந்தான். தமிழ் ஆட்கள் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். "சிலிப்பரப் பேத்து எடு! சிலிப்பரத் தூக்கு!" என்று ஒருவர் கத்தினார். நாலு பேர் சேர்ந்து ஒரு மரக்கட்டையைத் தோளில் ஏற்றினார்கள்.

கத்தியவரிடம் போய், "எதண்ணே சிலிப்பர்?" என்று கேட்டேன்.

"இந்தக் கட்டதான் தங்கச்சி. தண்டவாளத்துக்கு அடியில படுத்துக் கெடக்குதே. எல்லாம் வடக்கே சயாமுக்குப் போவுது. அங்க காட்ட வெட்டி ரயில் பாதை போடுறானுங்க. கட்டயும் போவுது, ஆளும் போவுது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். மூன்று பேருமாகக் கிராணியின் ஆபீசுக்குப் போனோம்.

"செருப்பு வேலைன்னு நெனச்சுக் கைநாட்டு வெச்சுட்டேன் ஐயா. பேர எடுத்துடுங்க" என்றார் அப்பா.

"நான் சிலிப்பர்னுதானே சொன்னேன்? அதுல ஒரு வார்த்த பொய் உண்டா?" என்றார் கிராணி. "அர்த்தம் சொன்னது உன் மகதாம்பா. இங்கிலீஷ் படிச்ச பொண்ணாச்சே! பேரு மேல போயிடுச்சு. நீ வரலைன்னா ஜப்பான்காரன் வீட்டுக்கே வருவான்."

"நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? தப்புன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்தா போவும்?" என்று கத்தினேன். வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய் நின்றதால் அம்மா என் வாயைப் பொத்தினாள். அன்று வெளியே வராமல் போன மிச்சம் இன்னும் உள்ளேதான் கிடக்கிறது.

திரும்பி வரும்போது அப்பா என் தலையில் கை வைத்தார். "நீ சொன்னது சரிதான் பாப்பா. அவன்தான் வேலைய மாத்திச் சொல்லிட்டான்."

அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் போயிற்று. அப்புறம் அந்த மூன்று மாதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிற்பாடு அகராதியைப் பிரித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அவை இரண்டு சொற்கள்: ஸ்லிப்பர், ஸ்லீப்பர். எழுத்து வேறு, ஒலி வேறு, பிறப்பும் வேறு. வழுக்கிக்கொண்டு கால் உள்ளே போவதால் செருப்புக்கு அந்தப் பெயர். மற்றது தூக்கத்திலிருந்து வந்தது: தரையில் அசையாமல் கிடப்பதால் தூங்குகிற கட்டையாம். பெயர் வைத்தவன் ஒரு நாளாவது அதைத் தோளில் சுமந்திருப்பானா? எங்கள் வாயில்தான் இரண்டும் சிலிப்பர் ஆயின. உச்சரிப்புக் கோளாறு என்று படித்தவர்கள் சிரிப்பார்கள். கிராணிக்கு இரண்டும் தெரியும். அவர் மௌனத்தில் எந்த உச்சரிப்புக் கோளாறும் இல்லை. ஜப்பான்காரன் போன பிறகு அவர் வேறோர் ஆபீசில் உட்கார்ந்து மறுபடி கணக்கு எழுதினார்.

சண்டை முடிந்து சில மாதம் கழித்து, ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். சயாமிலிருந்து திரும்பியவர், குருபோங் ஊர்க்காரர். எலும்பும் தோலுமாக இருந்தார். கணுக்கால் வரை புண் ஆறிய தழும்பு. காலில் லாரி டயரை வெட்டிச் செய்த செருப்பு.

"உங்கப்பா செஞ்சு குடுத்தது" என்றார். "அங்க எல்லாருக்கும் வெறுங்காலு. கல்லும் முள்ளும் குத்திப் புண்ணாகி, அதுலயே செத்தவங்க உண்டு. வேல முடிஞ்சு வந்து எல்லாரும் சாஞ்சிருவோம். இவரு மட்டும் தூக்கிப்போட்ட டயரப் பொறுக்கியாந்து வெட்டிக்கிட்டு இருப்பாரு. ஏன்யா உனக்கு இந்த வேலன்னு கேட்டா, 'நான் சிலிப்பர் வேலைக்குன்னு கைநாட்டு வெச்சவன். என் மக படிச்சுச் சொன்னா. அவ சொன்னது பொய்யாப் போவக் கூடாது'ம்பாரு. காலரா வந்துச்சு. ரெண்டே நாளு."

அவர் செருப்பைக் கழற்றி அம்மா முன்னால் வைத்தார். "இது உங்க வீட்டுப் பொருள்."

அம்மா அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் அவருடைய உள்ளங்காலைப் பார்த்தேன். அம்மா மடியிலிருந்து வாங்கி அவர் காலடியில் திரும்ப வைத்தேன். "இன்னும் குருபோங் வரைக்கும் நடக்கணும்ல. போட்டுட்டுப் போங்கண்ணே."

அவர் போட்டுக்கொண்டு போனார். வாசல் மண்ணில் டயரின் தடம் தெருவரை பதிந்திருந்தது. அம்மா அன்று வாசல் பெருக்கவில்லை. மறுநாளும் பெருக்கவில்லை, யாரையும் அந்தப் பக்கம் மிதிக்கவும் விடவில்லை. மூன்றாம் நாள் மழை கொட்டி எல்லாவற்றையும் அழித்துவிட்டது. கிராணி மேல் இருக்கும் கோபத்தில் கொஞ்சம் அந்த மழை மேலும் எனக்கு இருக்கிறது.