பிரேக் டீச்சர் தப்பை ஒத்துக்கொண்ட கதை

பிரேக் டீச்சர் பிறந்ததிலிருந்து ஒரு தப்பும் செய்ததில்லை. இதற்கு அவரே சாட்சி. பால் பொங்கினால் அடுப்புக்குப் பொறுமை இல்லை; சாப்பாட்டில் உப்பு கூடினால் அந்த உப்பு சரியில்லை. தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்து சேர்ந்து, "எல்லாரும் எதுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்தீங்க?" என்று கேட்டவர் அவர். மாப்பிள்ளையான தையற்காரர், "நான்தான் நேரத்தை மாத்திச் சொல்லிட்டேன்" என்று பழியை ஏற்றுக்கொண்டார். அந்த உத்தியோகத்தை இன்றுவரை விடுப்பில்லாமல் பார்த்து வருகிறார்.

டீச்சருக்கு வாய்த்த தொழிலும் அப்படி. ஒரு சின்ன அறை, சாலைக் குறிகள் வரைந்த அட்டை, ஒரே ஒரு வெள்ளைக் கார்: இதுதான் அவருடைய ஓட்டுநர் பள்ளி. காரில் ஓட்டப் பழகுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் டீச்சருக்கு ஒரு பிரேக். வண்டி இடித்தால் பழகுபவர் தப்பு; இடிக்காமல் நின்றால் டீச்சர் காப்பாற்றினார். இதைவிட நிம்மதியான பிழைப்பு உலகத்தில் உண்டா?

அந்த நிம்மதிக்கு ஒரு மதிய வேளையில் கண் பட்டது. பள்ளி வாசலிலிருந்து பின்பக்கமாக எடுத்த கார், எதிரே இருந்த முடிதிருத்தும் கடையின் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய் நின்றது. நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தவரின் கன்னத்தை ஒரு சில்லு கீறியது. கீறல் ஆறிவிடும். ஆனால் கடைக்காரர் திடுக்கிட்டதில், அந்த மனிதர் பிள்ளையைப் போல வளர்த்த மீசையில் சரிபாதி தரையில் கிடந்தது.

டீச்சர் வழக்கம்போல் பக்கத்து இருக்கையைப் பார்த்து, "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு உனக்கு?" என்று அதட்டினார்.

இருக்கை காலியாக இருந்தது. ஓட்டியது அவரேதான்.

கவனக்குறைவாக வண்டி ஓட்டிக் காயப்படுத்தியதாக வழக்குப் பதிவானது. கார் காவல் நிலைய முற்றத்தில் போய் நின்றது. தீர்ப்பு வராமல் வண்டி வராது. தீர்ப்பு வருவதற்குள் காருக்குள் மரம் முளைத்துவிடும் என்றார் டீச்சர் வைத்த வக்கீல். பழக வந்தவர்கள் ஒவ்வொருவராக அடுத்த தெருப் பள்ளிக்குத் தாவினார்கள். கார் இல்லாத டீச்சர் அட்டையை வைத்துக்கொண்டு சுவருக்குப் பாடம் நடத்தினார்.

"ஒரு வழி இருக்கும்மா. பேரம் பேசி முடிச்சுக்கலாம்" என்றார் வக்கீல்.

டீச்சரின் முகம் மலர்ந்தது. "கோர்ட்டுலயும் பேரம் உண்டா தம்பி? இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்களா தப்பை ஒத்துக்கணும். அதுக்குப் பதிலா தண்டனை குறையும், அபராதத்தோட போயிடும். வண்டியும் வந்துடும்."

மலர்ந்த முகம் வாடியது. டீச்சர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "பாதித் தப்பை ஒத்துக்கறேன். மீசையும் பாதிதானே போச்சு?"

"பேரம் தண்டனையிலதான்மா. தப்பு முழுசா வேணும்."

சமரசப் பேச்சுக்கு மீசைக்காரர் வந்தார். மிச்சப் பாதியையும் அவர் எடுத்திருந்தார். தன் மனைவி இப்போதுதான் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பதை வெட்கத்தோடு சொல்லி, நஷ்ட ஈடு வேண்டாம் என்றார். ஒரே நிபந்தனைதான்: டீச்சர் வாயால் 'தப்பு' என்று வர வேண்டும். தையற்காரர் ஆவேசமாகத் தலையாட்டினார். அவர் எந்தக் கட்சி என்று வக்கீலுக்கே குழப்பம் வந்துவிட்டது.

ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும் பாக்கியம் இருவருக்கும் இல்லை. ஒப்புக்கொள்பவரை நீதிபதி தனியறையில்தான் விசாரிப்பாராம். கதவு சாத்தப்பட்டது. மீசைக்காரர் ஒரு காதையும் தையற்காரர் ஒரு காதையும் கதவில் ஒட்டினார்கள். தடித்த கதவு ஒரு சொல்லையும் வெளியே விடவில்லை.

"யாராவது உங்களை மிரட்டி ஒத்துக்கச் சொன்னாங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

"என்னையா? அப்படி ஒரு ஆள் இருந்தா கூட்டிட்டு வாங்கய்யா, நானும் பார்க்கறேன்."

"சரி. அன்னைக்கு என்ன நடந்தது?"

"கண்ணாடிக் கதவுன்னா கண்ணுக்குத் தெரியற மாதிரி வைக்க வேண்டாமாய்யா?"

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்களா ஒத்துக்கிட்டாதான் வழக்கு இங்க முடியும். இல்லேன்னா முழு விசாரணைதான். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. இதுக்காக நீங்க இங்க சொல்றதை வேற எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. சட்டமே அப்படித்தான் சொல்லுது."

டீச்சர் நிமிர்ந்தார். "வேற எந்தக் காரியத்துக்குமா?"

"எதுக்கும்."

"வீட்டுல சண்டை வரும்போது?"

நீதிபதி ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தார். அவரும் குடும்பஸ்தர். "சட்டத்தோட நோக்கம் அதுவாத்தான் இருக்கணும்" என்றார்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. "தப்பு என்னோடதுதான்யா! கண்ணாடியில பின்னால பார்க்காம என் தலைமுடியைப் பார்த்துட்டிருந்தேன். கல்யாணத்துக்கு லேட்டா வந்ததும் நான்தான், தூங்கிட்டேன். அவரோட வெள்ளைச் சட்டையைச் சிவப்புத் துணியோட ஊறப் போட்டதும் நான். அந்தப் பால்…"

"அம்மா, இந்த வழக்கோடது மட்டும் போதும்!"

"இருங்கய்யா, இன்னொரு தடவை இப்படி இடம் கிடைக்குமா?"

வெளியே வந்தபோது டீச்சர் பூப்போல் நடந்தார்.

"சொன்னியா?" என்று கேட்டபடி தையற்காரர் எதிரே ஓடி வந்தார்.

"அதைக் கேட்கக் கூடாது. சட்டம்."

மீசைக்காரர், இல்லாத மீசையைத் தடவிக்கொண்டு, நீதிபதியிடம் போய்க் கேட்டார். சொன்னார் என்று நீதிபதி தலையசைத்ததோடு சரி.

அபராதம் கட்டி, காவல் நிலைய முற்றத்தில் காரைத் துடைத்து, டீச்சர் ஓட்டும் இடத்தில் ராணியாக அமர்ந்தார். தையற்காரர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். டீச்சர் இந்த முறை கண்ணாடியில் பின்னால்தான் பார்த்தார். ரொம்பக் கவனமாக, ரொம்ப மெதுவாக வண்டியைப் பின்னால் எடுத்தார். இருந்தும் படிக்கட்டோரம் இருந்த பூந்தொட்டி ஒன்று 'டப்' என்று சாய்ந்தது.

காவலர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் தையற்காரரின் காலடியைக் குனிந்து பார்த்தார்.

"உங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்குல்ல? அழகுக்கா வெச்சிருக்கேன்?"

தையற்காரர் கதவைத் திறந்து இறங்கினார். "என் தப்புதான் சார்" என்று காவலர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தொட்டியை நிமிர்த்தி வைத்தார்.