ரோசம்மா உட்கார்ந்த இருக்கை

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வந்து நிற்கிற விமானங்களைக் கூட்டித் துடைத்து, அடுத்த பயணத்துக்குத் தயார் செய்து அனுப்பும் வேலை ரோசம்மாவுக்கு. பழைய பாயா லேபார் நிலையத்திலேயே சேர்ந்தவள். சாங்கி திறந்ததும் அங்கே மாற்றிவிட்டார்கள். கணவர் சவரிராஜுக்கு ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை, வீடு பூன் லேயில். அதனால் தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கம்பெனி வேனில் போய் வர வேண்டும். வேனில் ஏறியதும் ஜெபமாலையைக் கையில் எடுப்பாள். பாதி வழியில் தூங்கிவிடுவாள்.

விமானத்தின் மூலை முடுக்கெல்லாம் அவளுக்குத் தெரியும், நிற்கிற விமானமாக இருந்தால். பறக்கிற விமானத்தை அவள் உள்ளிருந்து பார்த்ததே இல்லை. அவள் பயணம் என்று போனதெல்லாம் பஸ்ஸில் மலாக்கா வரைக்கும்தான்.

முதல் வகுப்புக்கும் சாதாரண வகுப்புக்கும் நடுவே பிசினஸ் கிளாஸ் என்று ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்திருந்த காலம் அது. திரைச்சீலைக்கு அப்பால் அகலமான இருக்கைகள். அங்கே போகிறவர்கள் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்பதை அவர்கள் விட்டுப்போன மிச்சத்தை வைத்துத்தான் ரோசம்மா தெரிந்துகொண்டாள். உதட்டுச் சாயம் ஒட்டிய கைத்துண்டு, பாதி குடித்த ஒயின், கடிக்காமல் வைத்த ரொட்டி, கைப்பிடிச் சாம்பல் கிண்ணத்தில் நசுக்கிய சிகரெட். "துணி விரிச்ச மேசைல, கண்ணாடி டம்ளர்ல குடிக்கிறாங்க. அப்படியும் பாதிய வச்சிட்டுப் போயிடுறாங்க," என்று வீட்டில் வந்து சொல்லுவாள்.

மெட்ராஸ், பாங்காக், ஜகார்த்தா என்று பக்கத்து ஊர்களுக்குப் போய்வரும் விமானம் ஒன்று இருந்தது. அதன் முன்வாசல் நிலையில் பூனை பிறாண்டியதுபோல ஒரு கீறல் உண்டு. அதை வைத்துத்தான் துப்புரவுப் பெண்கள் அந்த விமானத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள். அதில் பிசினஸ் கிளாஸின் கடைசி வரிசை, இடது ஜன்னலோர இருக்கை.

மற்ற இருக்கைகளில் பெல்ட்டுகள் ஆள் இறங்கிய அவசரத்தில் கண்டபடி தொங்கும். அந்த ஒன்றில் மட்டும் மாட்டியே இருக்கும். போர்வை மடிக்கப்படாமல், கழுத்து வரும் உயரம் வரை இழுத்துவிட்டபடி கிடக்கும். முதலில் யாரோ ஒழுங்கான பயணி என்றுதான் ரோசம்மா நினைத்தாள். ஒருநாள் மேற்பார்வையாளர் தங்கராஜு, "இன்னிக்கி ஜகார்த்தாலேர்ந்து பிசினஸ்ல ஒருத்தரும் வரல. சீக்கிரம் முடிச்சிடலாம்," என்று சொல்லி அனுப்பினார். உள்ளே போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாகக் கசங்காத இருக்கைகள். கடைசி ஜன்னலோரத்தில் மட்டும் பெல்ட் மாட்டியிருந்தது, போர்வை கழுத்து உயரத்துக்கு விரிந்திருந்தது. மெத்தையில் கை வைத்தாள். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோலச் சூடாக இருந்தது.

கூட வேலை பார்த்த அன்னம்மா இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள். "அந்த சீட்ட நான் தொட மாட்டேன் லா. எனக்குக் குடும்பம் இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லியா?" என்றாள் ரோசம்மா. ஆனால் யாராவது தொட்டுத்தானே ஆக வேண்டும்? நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பெல்ட்டைக் கழற்றப் போனாள். கொக்கி இறுக்கமாக இருந்தது. ஆளில்லாத பெல்ட் தொய்ந்து கிடக்கும். இது அப்படியில்லை. உள்ளே ஒரு நடுத்தர உடம்பு உட்கார்ந்திருந்தால் எப்படி விறைத்து நிற்குமோ அப்படி, வெறும் காற்றைச் சுற்றி நின்றது. கழற்றியதும் மெத்தையிலிருந்து மெல்லப் பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் வந்தது.

அன்றிலிருந்து அந்த இருக்கை அவள் பாடாகிவிட்டது. அந்த விமானம் வரும்போதெல்லாம் முதலில் போய் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுவாள். சவரிராஜிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "ஏதாச்சும் ஸ்பிரிங் கெட்டுப் போயிருக்கும் ரோசா. சூடு, உள்ள மெஷின் ஓடுதுல்ல, அந்தச் சூடு."

அவளும் சரி என்று இருந்துவிட்டாள்.

எண்பத்து நான்காம் வருஷம், மெட்ராஸில் கட்டிக்கொடுத்த மகள் பிரிஜட்டுக்குப் பிரசவம் நெருங்கியது. இத்தனை வருஷம் வேலை பார்த்தவர்களுக்குக் கம்பெனி சலுகை டிக்கெட் கொடுக்கும். விமானத்தில் இடம் மிஞ்சினால் மட்டும் ஏற்றுவார்கள். சவரிராஜுக்கு லீவு கிடைக்கவில்லை. ரோசம்மா தனியாகக் கிளம்பினாள். சிராங்கூன் ரோட்டில் குழந்தைக்குச் சட்டைகளும், மருமகன் ஜார்ஜுக்கு ஒரு வேட்டியும், கோடாலித் தைலமும் மைலோ டின்னும் வாங்கிப் பையில் அடைத்துக்கொண்டாள்.

காலையிலிருந்து காத்திருந்து, கிளம்பும் நேரத்துக்குத்தான் கூப்பிட்டார்கள். வாசலில் இருந்த சீனப்பெண் சிரித்தபடி, "பின்னால ஃபுல், ஆன்ட்டி. முன்னால பிசினஸ்ல ஒரே ஒரு சீட். லக்கி லா நீங்க!" என்று ஆங்கிலத்தில் சொல்லி அட்டையை நீட்டினாள்.

நடைபாதையின் முடிவில் விமானத்தின் வாசல். நிலையில் பூனை பிறாண்டிய கீறல்.

ரோசம்மாவின் கால் அப்படியே நின்றுவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. அடுத்து எப்போது இடம் கிடைக்குமோ, பிள்ளை அங்கே தனியாக வலியில் கிடப்பாளே. உள்ளே போனாள். எல்லா இடமும் நிறைந்திருக்க, கடைசி வரிசை ஜன்னலோரம் மட்டும் காலியாக இருந்தது. பெல்ட் மாட்டியிருந்தது.

வழக்கம்போலக் கழற்றினாள், உட்கார்ந்தாள். மெத்தை சூடாக இருந்தது.

பக்கத்து இருக்கையில் ஒரு சிந்தி ஜவுளி வியாபாரி பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பணிப்பெண் ஆவி பறக்கும் கைத்துண்டை இடுக்கியால் எடுத்துக் கொடுத்தாள். ரோசம்மா இத்தனை காலம் பொறுக்கிப் போட்ட அதே துண்டு, இப்போது வெள்ளையாக, வாசனையாகக் கையில் இருந்தது. சாப்பாட்டுக்கு இரண்டு வகை எழுதிய அட்டை வந்தது. நாலு மணி நேரப் பயணம்தான், படுத்துக்கொள்ள வசதியில்லை. ஆனால் நாற்காலி நன்றாகச் சாய்ந்தது, கால் நீட்ட இடமிருந்தது. விமானம் தரையை விட்டபோது வயிற்றுக்குள் ஏதோ நழுவியது. கீழே கப்பல்கள் அரிசி மணிகளாகச் சுருங்கின. பயத்தை மறந்து சின்னப்பிள்ளைபோல ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"மிசஸ் ரத்தினம்மா," என்று குரல் கேட்டது. இளம் மலாய்ப் பணிப்பெண். கையில் தட்டு, தட்டில் ஒரு டம்ளர். "உங்க லைம் ஜூஸ். ஐஸ் இல்லாம."

"நான் கேக்கலியே," என்றாள் ரோசம்மா அரைகுறை மலாயில். "என் பேரும் அது இல்ல."

பணிப்பெண் குழம்பினாள். "நீங்கதானே இப்ப கேட்டீங்க? பேரும் நீங்கதான் சொன்னீங்க." டம்ளரை வைத்துவிட்டு, இரண்டு முறை திரும்பிப் பார்த்தபடி போனாள்.

கொஞ்ச நேரத்தில் தலைமைப் பணியாளர் வந்தார். ஏரம்பமூர்த்தி என்று சட்டையில் பெயர். நரைத்த கிருதா, யாழ்ப்பாணத்துக் குடும்பம், சிங்கப்பூரில் பிறந்தவர். பக்கத்திலிருந்த வியாபாரி கண்மூடிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு நடைவழியில் குந்தி உட்கார்ந்தார்.

"அக்கா, அந்தப் பிள்ளைகிட்ட ரத்தினம்மாங்கிற பேரச் சொன்னது யாரு?"

"எனக்குத் தெரியாது சார். நான் வாயே தொறக்கல."

அவர் டம்ளரையே பார்த்தார். "அவ வேலைக்குச் சேந்தே ரெண்டு மாசம்தான். அவளுக்குத் தெரிய வழியே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். போன தீபாவளிக்கு முன்னால், இதே மெட்ராஸ் விமானம், இதே இருக்கை. வயதான அம்மா ஒருவர், ரத்தினம்மா என்று பெயர். முதல் தடவை விமானம் ஏறுகிறார், சொகுசாகப் போகட்டும் என்று மகன் இந்த வகுப்பில் அனுப்பியிருந்தார். வெகுகாலமாகப் பார்க்காத தங்கச்சி மெட்ராஸில் காத்திருந்தார். ஐஸ் போடாமல் எலுமிச்சைச் சாறு கேட்டார். கொண்டுவந்து கொடுக்கும்போது உயிர் இல்லை. பயணிகளில் ஒரு டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஃப்ளைட் ஃபுல் அக்கா. படுக்க வைக்க எங்கயும் எடமில்ல. பெல்ட்ட இறுக்கிக் கட்டி, கழுத்து வரைக்கும் போத்தி, தூங்குற மாதிரி உக்கார வச்சோம். கடல் பூரா அப்படியே வந்தாங்க. சுத்தி இருந்தவங்க சாப்பிட்டாங்க, பேசினாங்க. ஒருத்தருக்கும் தெரியல. மெட்ராஸ்ல எல்லாரும் போனப்புறம் ஸ்ட்ரெச்சர்ல எறக்கினோம்."

ரோசம்மாவின் உடம்பு சில்லிட்டது, முதுகுக்குக் கீழே மெத்தை மட்டும் சூடாக இருந்தது. "எறக்கினீங்க சார். அவங்க எறங்கல."

"என்ன சொல்றீங்க?"

"நான் சாங்கில கிளீனிங் வேலை. இந்த பெல்ட்ட ஒவ்வொரு தடவையும் நான்தான் கழட்டி விடறேன்."

ஏரம்பமூர்த்தி பெல்ட்டின் கொக்கியைப் பார்த்தார். பிறகு எழுந்து, "எங்க ஆளுங்க உக்கார்ற சீட் ஒண்ணு பின்னால இருக்கு. அங்க வந்து உக்காந்துக்குங்க," என்றார்.

ரோசம்மா எழுந்திருக்கத்தான் நினைத்தாள். ஏனோ முடியவில்லை. "வேணாம் சார். நானும் போயிட்டா அவங்க மறுபடி தனியா வரணும்."

சாப்பாடு வந்தது. வெள்ளைத் துணி விரித்து, கனமான முள்கரண்டி வைத்து, மீன் குழம்பும் சோறும் சூடாக வைத்தார்கள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இத்தனை காலம் தட்டுகளில் மிச்சத்தைப் பார்த்து ஏசியவள், தானும் மிச்சம் வைத்தாள். எலுமிச்சைச் சாற்றை ஜன்னல் பக்கமாக நகர்த்தி வைத்தாள். ஜெபமாலையை எடுத்தாள். எந்த மணியில் கண் அயர்ந்தாள் என்று தெரியவில்லை.

விழித்தபோது கை அசையவில்லை. போர்வை கழுத்து வரை ஏறியிருந்தது, பெல்ட் வயிற்றை நெரித்தது. கண் பாதி திறந்திருந்தது, எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பக்கத்து வியாபாரி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மலாய்ப் பணிப்பெண் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள், தூங்குகிறவர்களைப் பார்ப்பதுபோல, மெல்ல நகர்ந்து போனாள். ரோசம்மா கத்தப் பார்த்தாள். நாக்கு புரளவே இல்லை. கடல் பூரா அப்படியே வந்தாங்க என்று ஏரம்பமூர்த்தி சொன்னது அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது. அந்த அம்மாவுக்கும் இப்படித்தான் எல்லாம் கேட்டிருக்கும். மெட்ராஸ் வந்துவிட்டது என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாதாவைக் கூப்பிட நினைத்தவள், மனசுக்குள் வேறொரு பேரைக் கூப்பிட்டாள். "ரத்தினம்மா அக்கா. என்ன விடுங்க. நான் உங்களக் கூட்டிட்டுப் போறேன்."

பெல்ட் தளர்ந்தது. இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். போர்த்திவிட்டது யார் என்று பணிப்பெண்ணிடம் கேட்டாள். நீங்களே போர்த்திக்கொண்டீர்கள் என்று நினைத்தோம் என்றாள் அவள்.

மீனம்பாக்கத்தில் விமானம் நின்றதும் முன் வரிசைகளில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ரோசம்மா பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, வாய்விட்டே சொன்னாள். "மெட்ராஸ் வந்தாச்சு அக்கா. தங்கச்சி நிப்பாங்க. எறங்குவோம், வாங்க."

பக்கத்திலிருந்த வியாபாரி முழங்கால்களை ஒதுக்கி வழிவிட்டார். "போங்க அம்மா," என்று தலையசைத்தார். ரோசம்மா இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அவள் எழுந்து நின்றபோது, அவர் நடைவழியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி முழங்கால்களை ஒதுக்கினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

வாசலில் ஏரம்பமூர்த்தி பயணிகளைக் கைகூப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ரோசம்மா கடந்து போனதும் அவர் இன்னொரு தடவை கைகூப்பினார். படியில் இறங்கும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. பின்னால் ஒரு செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக, வயதானவர்கள் இறங்குகிற நிதானத்தில் இறங்கியது. அவளும் அதற்கேற்றபடி மெதுவாகவே இறங்கினாள்.

வெளியே கூட்டத்தில் ஜார்ஜ் கையை ஆட்டினார். காலையிலேயே ஆண் குழந்தை பிறந்துவிட்டது, தாயும் பிள்ளையும் சுகம் என்று முதல் வார்த்தையாகச் சொன்னார். ரோசம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. பையை வாங்கிக்கொண்டே அவர் கேட்டார்:

"கூட வந்தவங்க யாரு அத்தை? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"யாரச் சொல்றீங்க மாப்பிள்ளை?"

"உங்க பின்னாலயே வந்தாங்களே, பச்சைப் புடவை, வயசானவங்க. அந்தத் தூணுகிட்ட ஒரு அம்மா நின்னுட்டிருந்தாங்க, அச்சு அசல் அவங்க ஜாடை. ரெண்டு பேரும் கையப் பிடிச்சிட்டு அந்தப் பக்கமாப் போனாங்க."

ரோசம்மா தூணைப் பார்த்தாள். கூலி ஆள் ஒருவர் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார், வேறு ஆளில்லை. அந்தத் தங்கச்சியும் இப்போது உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுச் சொல்ல அவளுக்கு யாருமில்லை. மருமகனிடமும் அவள் எதுவும் விளக்கவில்லை. "வண்டி எங்க நிக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

பேரனோடு சில வாரங்கள் இருந்துவிட்டு, சாதாரண வகுப்பில் சிங்கப்பூர் திரும்பினாள். வேலைக்குப் போனபோது அந்த விமானம் இல்லை. பெரிய பழுதுபார்ப்புக்குப் போயிருக்கிறது, இருக்கையெல்லாம் மாற்றப் போகிறார்கள் என்றார் தங்கராஜு. அதற்குப் பிறகு அது இந்தப் பக்கம் வரவேயில்லை. சவரிராஜ் முழுக்கதையையும் கேட்டார். இந்த முறை சிரிக்கவில்லை. "சாமியார்கிட்ட ஒரு பூசை சொல்லிடு ரோசா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலுக்குப் போனாள். ரத்தினம்மா என்ற ஆத்துமாவுக்காகப் பூசை என்று சொன்னாள். அந்த அம்மா வேதக்காரரா, இந்துவா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"உங்களுக்கு என்ன உறவு, அம்மா?" என்று கேட்டார் சாமியார்.

ரோசம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணா பிரயாணம் பண்ணினோம், சாமி," என்றாள்.