பிந்தி வந்த எழுத்துகள்

அல்போன்சம்மாள் சிங்கப்பூர் ராபின்சன் ரோட்டிலிருந்த ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் டைப்பிஸ்ட். கல்யாணமான வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள். அவள் அடித்த கடிதத்தை யாரும் சரிபார்ப்பதில்லை; மேலாளர் பாலகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

எண்பத்து மூன்றில் டைப்ரைட்டரை எடுத்துவிட்டு அவள் மேசையில் கணினித் திரையும் விசைப்பலகையும் வைத்தார்கள். அவற்றை இயக்கும் பெட்டி, பிரிண்டரோடு அடுத்த அறையில் இருந்தது.

அன்றிலிருந்து தொல்லைதான். விசையைத் தட்டினால் எழுத்து திரைக்கு வரத் தயங்கியது. வரவில்லையே என்று மறுபடி தட்டினால் இரண்டும் சேர்ந்து வந்து விழுந்தன. இறந்துபோன ஒருவரின் பெயர் அப்படிப் பிழையாகவே குடும்பத்துக்குப் போய்விட்டது. அவருடைய மகன் கடிதத்தோடு நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. "அப்பா பேராவது சரியா இருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

கணினி பழுதுபார்க்கும் சேதுபதியை வரவழைத்தார்கள். அவர் வந்தது சாப்பாட்டு நேரம். வேகமாக ஒரு பத்தி அடித்தார். எழுத்துகள் தடங்கலின்றி ஓடின.

"மெஷின் ஓகே லா, அக்கா. நீங்கதான் டென்ஷன் ஆகுறீங்க. நிதானமா அடிங்க."

அவளும் அதை நம்பிவிட்டாள். கிளினிக்குக்குப் போய் விரல்களைக் காட்டினாள். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லியும் மனம் ஆறவில்லை. சாப்பாட்டு மேசையில் வெறும் விரல்களால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவளை அவள் கணவர் லாசரஸ் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கை நல்லாத்தானே ஓடுது?"

"இங்க ஓடுது. அங்க போனா ஓட மாட்டேங்குது."

கடைசியில் அவளே பாலகிருஷ்ணனிடம் போய், தபால் பிரிவுக்கு மாற்றிவிடும்படி கேட்டாள். "ஒரு தடவை யோசிங்க" என்றுகூட அவர் சொல்லவில்லை. அது அவளுக்கு உறைத்தது.

அவள் இடத்துக்குக் கமலா என்ற இளம்பெண் வந்தாள். அவளுக்கும் அதே கதைதான். ஆனால் கமலா தன் விரலைச் சந்தேகப்படவில்லை. வேலை நடக்கும் நேரத்தில் வந்து பார்க்கும்படி சேதுபதியிடம் கறாராகச் சொன்னாள். அவர் வந்து அடித்துப் பார்த்தபோது அடுத்த அறையில் பிரிண்டர் கடகடத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னார். எழுத்துகள் சரியாக வந்தன. மறுபடி ஓடவிட்டார், மறுபடி தயங்கின. பிரீமிய நோட்டீஸ்கள் அச்சாகும்போதெல்லாம் அந்தப் பெட்டியால் விசைப்பலகையைக் கவனிக்க முடியவில்லை. முன்பு அவர் வந்த சாப்பாட்டு நேரத்தில் பிரிண்டர் ஓடவில்லை. நோட்டீஸ்களை மாலையில் அச்சடித்தால் போதும் என்றார். அவ்வளவுதான் வைத்தியம்.

கமலா தபால் பிரிவுக்கு ஓடிவந்து சொன்னாள். "அக்கா, உங்க மேல தப்பே இல்ல."

அல்போன்சம்மாள் தலையாட்டினாள். அன்று மாலையே பாலகிருஷ்ணனைப் பார்த்தாள்.

"சார், நான் பழைய இடத்துக்கே வரலாமா?"

"கமலா நல்லா பழகிட்டாங்களே. நீங்கதானே கேட்டு மாறினீங்க?"

அவள் தபால் பிரிவுக்கே திரும்பினாள். மற்றவர்கள் சொன்னதைக்கூட மறந்திருப்பாள். தன் கையைத் தானே நம்பாமல் போனதுதான் நெஞ்சை அறுத்தது. ஓய்வு பெறும்வரை உறைகளைப் பிரித்து அடுக்கினாள். லாசரஸ் எத்தனையோ முறை கேட்டும், மகளின் கல்யாணப் பத்திரிகை முகவரிகளைக்கூட அவள் டைப் அடித்துத் தரவில்லை.