ஒர்க் ஷாப்புக்கு ஒரு விண்ணப்பம்

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ஓர் இயந்திரக் கையை, உடைக்காமல் முட்டை எடுக்கப் பழக்குவதுதான் என் ஆராய்ச்சி. மூன்று வருடமாக அதையேதான் செய்துகொண்டிருந்தேன். பெங்களூரில், ரோபோ ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்குப் பத்து நாள் ஒர்க் ஷாப் நடக்கிறது, நாடு முழுவதிலிருந்தும் இருபது பேரைத்தான் எடுப்பார்கள் என்று எங்கள் துறை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அன்றைக்கே படிவம் கேட்டு எழுதிப் போட்டேன்.

அண்ணனூர் வீட்டுக்குப் படிவம் வந்தபோது அப்பாதான் வாங்கிப் பிரித்தார். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் டர்னர். என் இயந்திரக் கைக்கு அலுமினிய விரல்களைக் கடைந்து கொடுத்தவரும் அவர்தான்.

"இன்னாமா இது, ஒர்க் ஷாப்புக்குப் போறதுக்கு மனுவா? நான் இருவது வருசத்துக்கு மேல ஒர்க் ஷாப்புலதான் கீறேன். எவனும் என்னாண்ட ரெண்டு பக்கம் எழுதிக் குடுன்னு கேக்கல."

"அது வேறப்பா. இது ஆராய்ச்சி பண்றவங்க உக்காந்து பேசற எடம்."

"பேசறதுக்கா? எங்க ஒர்க் ஷாப்புல பேசினா ஃபோர்மேன் கத்துவான்."

அம்மாவின் கவலை வேறு. "இவ்ளோ படிச்சிட்டு ஒர்க் ஷாப்புக்குப் போறான்னு தெருவுல சொல்லிகினு திரியாத" என்று அப்பாவை எச்சரித்து வைத்தாள்.

படிவம் நான்கு விஷயங்கள் கேட்டது. முதலில் ஆராய்ச்சியைப் பற்றி இரண்டு பக்கம். அதை எழுதிவிட்டேன். அடுத்தது வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதம். என் வழிகாட்டி நல்ல மனிதர், ஆனால் பாராட்டினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று உறுதியாக நம்புகிறவர். 'இவர் நேரத்துக்கு வருகிறார். இதுவரை ஆய்வகத்தில் எதையும் எரித்ததில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"சார், ஆராய்ச்சியைப் பத்தி ஒரு வரி சேத்தா நல்லா இருக்கும்" என்றேன்.

கடிதத்தைத் திரும்ப வாங்கினார். பேனாவைத் திறந்து, 'ஆராய்ச்சியும் செய்கிறார்' என்று சேர்த்தார்.

மூன்றாவதாக ஒரு கட்டம்: 'உங்கள் கருவியின் குறைபாடுகள்.' பெண் பார்க்க வருகிறவர்களிடம் யாராவது பெண்ணின் குறையைச் சொல்வார்களா? 'குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை' என்று எழுதினேன். கடைசியாகக் கேட்டது, கருவி வேலை செய்வதைக் காட்டும் மூன்று நிமிட வீடியோ.

ஆய்வகத்துக்குள் வீடியோ கேமரா வர மூன்று பேர் கையெழுத்து வேண்டும். அதில் ஒருவர் நீண்ட விடுப்பில் இருந்தார். ஆகவே வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, கையையே வீட்டுக்குத் தூக்கிவந்தேன். அதை இயக்கும் மின்பலகை தோள்பையில் இருந்தது. கையைப் பழைய போர்வையில் சுற்றி, மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டேன். எதிரே இருந்த அம்மாள் வில்லிவாக்கத்திலிருந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கொழந்தைக்கு மூஞ்ச மூடாதம்மா, மூச்சு முட்டும்" என்று போர்வையை விலக்கியும் விட்டார். உள்ளேயிருந்து இரண்டு அலுமினிய விரல்கள் நீட்டிக்கொண்டு வந்தன. அதற்குப் பிறகு அண்ணனூர் வரை என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

வீடியோ எடுக்க, குமணன்சாவடியில் ஸ்டூடியோ வைத்திருந்த பாயைப் பிடித்தார் அப்பா. அந்தப் பக்கத்தில் பாதிக் கல்யாணங்கள் அவர் கேமராவில்தான் நடந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை கேமரா, பெரிய லைட்டு சகிதம் வந்து இறங்கினார். மேசைமேல் இருந்த கையைச் சுற்றிச்சுற்றி வந்தார்.

"இது இன்னா பண்ணும் தங்கச்சி?"

"இங்க இருக்கிற முட்டையை எடுத்து, அந்தக் கிண்ணத்துல வைக்கும் பாய்."

"அவ்ளோதானா? முட்டைக்குப் பதிலா ஒரு ரோஜாப்பூ வெச்சா அழகா இருக்குமேம்மா."

முட்டைதான் என்று பிடிவாதமாகச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சத்தில் முதல் தடவை எடுத்தோம். கை மெதுவாக இறங்கியது, முட்டையைப் பிடித்தது, தூக்கியது, திரும்பியது, கிண்ணத்தில் வைத்தது. அம்மா கைதட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாய் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "கறுப்பா உழுந்துகீது. லைட்டு போட்டு இன்னொரு வாட்டி எடுத்துக்கலாம். அண்ணாத்தே, நீங்க லைட்ட புடிச்சிக்கங்க. இன்னா நடந்தாலும் ஆட்டாதீங்க."

அப்பா புதுச் சட்டையில் இருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம், கிண்ணத்தைத் தாண்டி நின்று லைட்டை உயர்த்திப் பிடித்தார். கை இறங்கியது, முட்டையை எடுத்தது, திரும்பியது, கிண்ணத்துக்கு மேலே வந்தது. ஆனால் நிற்கவில்லை. கிண்ணத்தைக் கடந்து, அதே நிதானத்தோடு அப்பாவை நோக்கிப் போனது.

"அப்பா, நவுருங்க!"

"ஆட்டக் கூடாதுன்னாரேம்மா!"

அப்பா நகரவில்லை. முட்டை அவர் சட்டைப் பையில் மோதி உடைந்தது. கை அதோடும் விடாமல், பையை இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தது. நான் ஓடிப்போய் மின்சாரத்தைப் பிடுங்கினேன். மஞ்சள் கரு வேட்டி வரை வழிந்தது. அப்பா லைட்டை ஆட்டவே இல்லை.

மின்சாரம் ஏறி இறங்கியிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். முதலில் எடுத்ததே போதும், அதையே கேசட்டில் போடுங்கள் என்று பாயிடம் இரண்டு முறை சொன்னேன். வியாழக்கிழமை அவர் இரண்டு கேசட் கொடுத்தார். விண்ணப்பம் போய்ச் சேர மறுநாள்தான் கடைசி நாள். ஒன்றைப் போட்டுப் பார்க்காமலே விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மற்றதை அன்று சாயங்காலம், வீடியோ டெக் வைத்திருந்த பக்கத்து வீட்டில் போட்டோம். அம்மா கூப்பிட்டதில் தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள்.

முதலில் திரையில் பூ மழை பொழிந்தது. 'நல்வரவு' என்று எழுத்து சுழன்று வந்து நின்றது. நாதஸ்வரம் முழங்க, என் இயந்திரக் கை மெல்ல அசைந்தது. பாய் போட்டிருந்தது முதல் தடவை எடுத்தது அல்ல, இரண்டாவது. முட்டை அப்பாவின் மார்பில் உடைந்த கணத்தில் கெட்டி மேளம் கொட்டியது. கடைசியில் ஒரு பெரிய இதய வடிவம் விரிந்து, அதன் இடது பக்கம் என் முகமும் வலது பக்கம் இயந்திரக் கையும் வந்து நின்றன. தெரு சிரித்த சிரிப்பில் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

"பாய், முதல்ல எடுத்ததைப் போடச் சொன்னேனே!"

"அது கறுப்பா இருந்திச்சேம்மா. இதுதான் பளிச்சுனு கீது. உங்க நைனாவும் இதுல நல்லா உழுந்துகீறாரு." அவர் முகத்தில் துளிக் கேலி இல்லை. தன் வேலையில் அவருக்கு முழுத் திருப்தி.

பெங்களூரை மறந்துவிட முடிவு செய்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. 'குறைபாடு ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீடியோவில் ஒரு முதியவரின் சட்டையில் முட்டை உடைகிறது. ஒரு பக்கத்துக்கு மிகாமல் விளக்கவும்.'

"முதியவரா?" என்றார் அப்பா. அன்று முழுக்க அவருக்கு அது மட்டும்தான் வருத்தம்.

மின்சாரம் ஏறி இறங்கியது என்று எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதே அது பொய்யாக இருக்கலாம் என்று உறுத்தியது. மின்சாரம் குறைந்தால் கை தளர்ந்து நின்றிருக்கும், இப்படி விடாமல் போயிருக்காது. கையை மறுபடி போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாயும் கேமரா இல்லாமல், லைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா பழைய சட்டையில் நின்றார்.

லைட்டு போட்டால் கை நிற்காமல் போனது, அணைத்தால் கிண்ணத்தில் சரியாக வைத்தது. ஆறு முட்டை போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கையின் மூட்டில் துளை போட்ட ஒரு தட்டு சுற்றும். ஒரு பக்கம் சின்ன விளக்கு, மறுபக்கம் வெளிச்சத்தை உணரும் கருவி. துளை வழியே வெளிச்சம் விட்டுவிட்டு வருவதை எண்ணித்தான், எவ்வளவு திரும்பியிருக்கிறோம் என்று கை தெரிந்துகொள்ளும். கை கிண்ணத்தின் பக்கம் திரும்பும்போது பாயின் லைட்டு மூட்டுக்குள் நேரே அடித்து, எண்ணிக்கை நின்றுபோனது. இன்னும் திரும்பவே இல்லை என்று நினைத்துக்கொண்டு கை போய்க்கொண்டே இருந்திருக்கிறது. மூட்டின்மேல் என் துப்பட்டாவைச் சுற்றினேன். லைட்டு எரிந்துகொண்டிருக்கும்போதே கை கிண்ணத்துக்கு மேல் நின்று, முட்டையை வைத்தது.

"அப்போ தப்பு என் லைட்டு மேலயாம்மா?" என்று பாய் வாடிய குரலில் கேட்டார்.

"இல்ல பாய். மூட்டை மூடாம விட்டது நான்தான்."

எங்கள் ஆய்வகத்தில் பாதி ட்யூப் லைட் எரியாது. அந்த மங்கல் வெளிச்சத்தில் மட்டுமே மூன்று வருடம் சோதித்துவிட்டுக் குறையே இல்லை என்று எழுதியிருக்கிறேன். அதையும் துப்பட்டாவையும் மறைக்காமல் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். பத்தே நாளில், வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

பெங்களூரில் முதல் நாள், ஒவ்வொருவரும் தன் கருவி எங்கே தவறுகிறது என்பதைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றார்கள். மற்றவர்களுக்கு முகம் வாடியது. நான் முதல் ஆளாக எழுந்து போனேன். பத்து நிமிடப் பேச்சுக்கு அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். பாதிக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்தது. மீதியை நோட்டில் எழுதிக்கொண்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். அடுத்த இரண்டு வருட வேலை அந்த நோட்டில்தான் இருந்தது.