நடு வரி

சலோனிக்காவில் எங்கள் யூத ஜெப ஆலயத்தைப் பார்த்துக்கொண்ட மெனாஹேம் பெராஹாவை நானும் சிடுமூஞ்சி என்றுதான் சொல்லிவந்தேன். கடவுள் பெயர் உள்ள புத்தகம் கிழிந்துபோனால் குப்பையில் போடக்கூடாது, மனிதரைப் போல இடுகாட்டில் புதைக்க வேண்டும். நாற்பது வருடமாக அதைச் செய்தவர் அவர். வெனிசில் முந்நூறு வருடத்துக்கு முன் அச்சான வேத உரைகளும் தத்துவ நூல்களும் அவர் கைக்கு வந்தன. விலை பேச வந்த வெளியூர் வியாபாரியிடம், "முதல்ல உங்கப்பனைத் தோண்டி வித்துட்டு வாய்யா" என்றார். புதைத்ததை அவர் வெளியே எடுத்ததே இல்லை.

எங்கள் பையன்களையும் பட்டாளத்துக்கு எடுக்க ஆரம்பித்த வருடம், விதவை ஓரோ ஃப்ளொரென்டின் தலைதெறிக்க ஓடிவந்தாள்.

"அண்ணே, போன வாரம் குடுத்தேனே, அவரோட தத்துவப் புஸ்தகம்?"

"மண்ணுக்குள்ள."

"ஐயோ! டேவிகோ பொறந்த தேதி அதுலதானே இருக்கு!"

அவளுடைய தலைமகன் டேவிகோ இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். தாத்தா பெயர் விட்டுப்போகக் கூடாதென்று அடுத்தவனுக்கும் அதையே வைத்தார்கள். சர்க்கார் பதிவேட்டில் செத்தவன் பெயரை யாரும் அடிக்கவில்லை. அதன்படி பதினேழு வயதுப் பையனுக்கு, பட்டாளத்துக்கு எடுக்கும் இருபது வயது ஆகிவிட்டது. வீட்டுப் பிறப்புகளைப் புத்தகத்தின் முதல் தாளில் எழுதிவைப்பது எங்கள் வழக்கம். அதை விட்டால் வேறு சாட்சி இல்லை.

"படிக்கத் தெரியாதவளுக்கு என்ன அவசரம்? யார்கிட்டயாவது காட்டிட்டுக் குடுத்திருக்கக் கூடாதா?" என்று திட்டிக்கொண்டே மெனாஹேம் மண்வெட்டியை எடுத்தார். "உயிரைக் காப்பாத்த எதையும் மீறலாம்னு சட்டம் இருக்கு. அதுக்காக எனக்குப் பிடிக்கணும்னு இல்ல."

ஓரோவும் நானும் கூடவே போனோம். குழியருகே அவர் குனிந்து புத்தகங்களிடம் மன்னிப்புக் கேட்டார். இவரையா சிடுமூஞ்சி என்றேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

தாள் நனைந்திருந்தாலும் எழுத்து அழியவில்லை. ஓரோவின் கணவர் கையெழுத்தில் தேதியோடு மூன்று வரிகள். குழியோரம் உட்கார்ந்திருந்த ஓரோவுக்கு மெனாஹேம் உரக்கப் படித்தார்.

"டேவிகோ பிறந்தான். டேவிகோ போனான், என் உயிரில் பாதியும் போனது. டேவிகோ பிறந்தான்."

புத்தகத்தை மூடினார். "தேதி தெளிவா இருக்கு தாயி. பையன் எங்கயும் போக வேண்டாம். எந்திரி."

ஓரோ எழுந்திருக்கவில்லை. பிள்ளை செத்த அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கல்நெஞ்சன் என்று புருஷனை, அவர் செத்த பிறகும் விடாமல், பதினெட்டு வருடம் ஏசியவள் அவள்.

"அண்ணே," என்றாள். "அந்த நடு வரிய மட்டும் இன்னொரு தரம் படிங்க."